டிராஃப்டில் கிடக்கும் கூழ்வத்தல்

ஏப்ரல் 12, 2025, சனி

காலையிலிருந்து போன் ஒரே பாட்டைப் பாடுகிறது: இடம் இல்லை, இடம் இல்லை. 64 ஜிபி போன், வாங்கி நாலு வருஷம் ஆகிறது. தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்ஸ்டாகிராம்தான் நிறைய இடத்தப் பிடிச்சிருக்கு. அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடு, லாகின் பண்ணா எல்லாம் வந்துரும்" என்றான். நானும் அழுத்தப் போனேன்.

அப்போதுதான் பெரியம்மா மகள் ஞாபகம் வந்தாள். ஒரு வீடியோ ஆப்பில் மகனின் முதல் நடையை எடுத்து, பாட்டு சரியாக அமையவில்லை என்று பாதியிலேயே விட்டிருந்தாள். போன் மாற்றியபோது பழையதை அழித்துக் கொடுத்துவிட்டாள். புதுப் போனில் கணக்கு வந்தது, வீடியோ வரவில்லை.

போட்ட வீடியோ அவர்கள் சர்வரில் இருக்கும், எங்கிருந்தும் பார்க்கலாம். போடாமல் பாதியில் சேமித்து வைத்த டிராஃப்ட் நம் போனுக்குள், அந்த ஆப்பின் சொந்த அறையில் மட்டுமே இருக்கிறது. ரீல்ஸ் ஆனாலும் டிக்டாக் ஆனாலும் யூடியூப் ஷார்ட்ஸ் ஆனாலும் இதே கதைதான். ஆப்பைத் தூக்கினால் அந்த அறையும் சேர்ந்து போகும். என் டிராஃப்டில் ஆச்சி இருக்கிறாள். போன சித்திரையில் மாடியில் கூழ்வத்தல் போட்டபோது எடுத்தது. கையை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ராத்திரி தேடினேன். பிளஸ் குறியை அழுத்தி ரீல் என்று போனால் கேலரிப் படங்களோடு 'டிராஃப்ட்ஸ்' என்று ஒன்று வர வேண்டும். வரவில்லை. வயிற்றைப் புரட்டிவிட்டது. ஆப்பை அப்டேட் செய்ததில் போய்விட்டதோ என்று என்னென்னவோ நினைத்தேன்.

பத்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது, நான் இருந்தது தையல் கடைக்காக ஆரம்பித்த கணக்கில். எந்தக் கணக்கில் எடுத்தோமோ அதில்தான் டிராஃப்ட் தெரியும். என் சொந்தக் கணக்குக்கு மாறினேன், என் பதினேழு டிராஃப்டும் வரிசையாக நின்றன. காணோம் என்று பதறுகிறவர்கள் முதலில் கணக்கை மாற்றிப் பாருங்கள். பதற்றத்தில் லாக்அவுட் செய்வது, செட்டிங்ஸில் போய் டேட்டாவை அழிப்பது இரண்டும் வேண்டாம். 'கேஷ்' அழிப்பது தற்காலிகக் கோப்புகளைத்தான் நீக்கும். பக்கத்திலேயே இருக்கும் 'டேட்டா'வை அழித்தால் ஆப் புதிதாகப் போட்டது மாதிரி ஆகிவிடும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை விசு. அம்மாவும் அத்தையும் விடியற்காலையிலேயே பாபநாசத்துக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். ஆச்சியால் பஸ் ஏற முடியாது, நான் துணைக்கு இருந்தேன். முட்டு வலியால் அவள் இந்த வருஷம் மாடிப்படியே ஏறவில்லை.

டிராஃப்டைப் போட்டுக் காட்டினேன். பழைய எட்டு முழ வேட்டியை நனைத்து விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, கரண்டியால் கூழை வட்டம் வட்டமாக விடுகிறாள். அடுத்த துண்டில் வத்தல் காய்ந்துவிட்டது. வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுக்கிறாள். ஒவ்வொன்றும் துணியை விடும்போது 'சிர்ர்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் போனை அவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோயிருக்கிறேன்.

"ஏளா, உப்பு விவரம் சொன்னனே, அது எங்க?" என்றாள். அடுத்த டிராஃப்டில் இருந்தது: "கூழ்ல உப்பு குறைச்சலாத்தான் தெரியணும். காஞ்சா ஏறிரும்." கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் 16, புதன்

வேலைக்கு இறங்கினேன். டிராஃப்டைத் திறந்து, எடிட் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் கேலரிக்கு வந்துவிடுகிறது. முதல் இரண்டும் சுலபமாக வந்தன. மூன்றாவதைப் போட்டுப் பார்த்தால் ஆச்சி வாய் அசைக்கிறாள், குரல் இல்லை. அதற்கு நான் சினிமாப் பாட்டு சேர்த்திருந்தேன். பாட்டின் உரிமை காரணமாக, அப்படிச் சேர்த்ததை இறக்கும்போது ஒலி வருவதில்லை. பாட்டை எடுத்துவிட்டு மறுபடி இறக்கினேன், குரல் வந்தது. இறக்கியதை ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்க்காமல் மூலத்தைத் தொடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கோப்பு மேலாளரில் ஆப்பின் ஃபோல்டருக்குள் போய் அப்படியே அள்ளிவிடலாம் என்றான் தம்பி. ஆண்ட்ராய்டு 11 முதல் அந்த ஃபோல்டர்கள் வெளியாருக்குப் பூட்டு. ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நடுவில் இரண்டு முறை இடம் போதவில்லை என்று நின்றது. குட் மார்னிங் வீடியோக்கள் முந்நூறை அழித்து வழிவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

போனிலேயே செருகும் ஓடிஜி பென்டிரைவில் ஒரு பிரதி. கூகுள் ஃபோட்டோஸில் ஒரு பிரதி. அங்கே இலவச 15 ஜிபி ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான் என்பதால் பழைய மெயில்களையும் கொஞ்சம் கழித்தேன். சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆகப் போட்டேன். சாதாரண வீடியோவாக அனுப்பினால் அமுக்கிவிடுகிறது, வேட்டியின் நூல் கூடத் தெரியாமல் போகிறது. கோப்புகளுக்கு 'கூழ்வத்தல் 01 கூழ் கிண்டுதல்', '02 வேட்டி விரித்தல்' என்று பெயர் வைத்தேன்.

சித்தப்பா போன் செய்தார். "அம்மா குரலக் கேட்டேன்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று ஆப்பைத் தூக்கிப் புதிதாகப் போட்டேன். டிராஃப்ட் ஒன்றும் இல்லை. தெரிந்துதான் செய்தேன், இருந்தாலும் நெஞ்சு ஒரு நொடி அடித்துக்கொண்டது. பென்டிரைவைச் செருகிப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது.

இன்று இந்த வருஷத்து வத்தல். இனிமேல் ஆப்புக்குள் இருக்கும் கேமராவில் எடுப்பதில்லை. போனின் கேமராவில் எடுத்தால் நேரே கேலரியில் விழும், எடிட்டை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கூழை நானே கிண்டினேன். ஆச்சி அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கரண்டி நுனியில் கொஞ்சம் நீட்டினேன். ஊதி, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"உப்பு சரி. எலுமிச்சம்பழம் இன்னொரு மூடி பிழி."

பிழிந்துகொண்டு மாடிக்குப் போனேன். வேட்டி அதே வேட்டிதான்.