அராலி வயல் குறிப்புகள்

ஒக்டோபர் 9

மழை இல்லை. புழுதி விதைப்பு முடிந்து எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவின் ரிப்போர்ட்டும் வரவில்லை.

ஒக்டோபர் 10

வயலுக்கும் காற்றுக்கும் இடையே காபனீரொட்சைட்டும் நீராவியும் போய்வருவதை அளக்க நட்ட கம்பத்தின் திருத்தாத தரவை இன்று நண்பகலில் திறந்து பார்த்தேன். காபனீரொட்சைட்டு கீழே இறங்குகிறதாம். பேருக்குக்கூட ஒரு பச்சை இலை இல்லாத வயல், வெடித்துக் கிடக்கிற மண், அது ஒளித்தொகுப்புச் செய்கிறதாம்!

ஏன் என்று தெரியும். தெரிந்தும் எரிச்சல் வருகிறது. தரை கொதிக்கும்போது மேலே ஏறுகிற காற்று சூடாகி விரிந்து ஐதாகிவிடும். ஒரு கனமீற்றர் வளிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் எங்கள் திறந்தபாதைக் கருவி, வெளிக்காற்றுக்கூடாக ஒளியை விட்டுப் பார்க்கிற கருவி, எண்ணுகிறது. ஆகவே ஏறும் காற்றில் குறைவு, இறங்கும் காற்றில் கூடுதல். அரை மணித்தியாலத்துக்கு 18,000 அளவீடு, விநாடிக்குப் பத்து. அவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் மண் விழுங்குவது போல ஒரு எண் வந்து நிற்கிறது. வெப், பியர்மன், லூனிங் மூவரும் 1980இல் எழுதிய திருத்தத்தைப் போட்டதும் குறி மாறியது. மண் மெல்ல வெளிவிடுகிறது. அதுதான் உண்மை. ஆனால் திருத்தம் விடையை விடப் பெரிதாக இருக்கிறது. பெட்டிக்குள் கிடக்கிற சில்லறையை விடப் பூட்டு விலை கூடின மாதிரி.

அப்பா இன்று இரண்டு இடியப்பம் சாப்பிட்டார்.

ஒக்டோபர் 12

காற்றின் வேகத்தை ஒலியால் அளக்கிற சோனிக்கின் மேல் காகம். கல்லெறியவும் பயம், கருவியில் பட்டால் ஆர் காசு கட்டுவது?

வயற்கார ஐயா வரம்பில் குந்தியிருந்து கேட்டார்: “பிள்ளை, உந்தக் கம்பம் மழை எப்ப எண்டு சொல்லாதோ?”

“வந்த மழையில எவ்வளவு திரும்பி மேல போகுது எண்டு சொல்லும் ஐயா.”

“போறதை எண்ணவோ இவ்வளவு காசு?”

சிரித்துச் சமாளித்தேன்.

ஒக்டோபர் 13

சோளகம் ஓய்ந்துவிட்டது, வாடை இன்னும் பிடிக்கவில்லை. இரவுத் தரவு முழுக்கக் குப்பை. காற்று அசையாவிட்டால் மண் விட்ட மூச்சு நிலத்தோடேயே தங்கிவிடும். கம்பத்தின் உச்சியில் இருக்கிற கருவிக்கு ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும்.

ஒக்டோபர் 15

நித்திரை வரவில்லை. ஐயாவின் கேள்வி இன்னும் குடைகிறது.

இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுகிறது. மிச்சம் எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கின மழைதான். அந்த நன்னீர், உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. பெய்த மழையிலிருந்து ஆவியாய்ப் போனதைக் கழித்தால், கடலுக்கு ஓடினது போக, கிணற்றுக்கு வந்தது தெரியும். காகிதத்தில் எவ்வளவு இலேசான கணக்கு!

ஆனால் போனதை நாங்கள் முழுதாக அளப்பதில்லை. சூரியனிடமிருந்து நிகரமாக வந்த சக்தியில் மண்ணுக்குள் போனதைக் கழித்தால், மிச்சம் காற்றைச் சூடாக்கினதுக்கும் நீரை ஆவியாக்கினதுக்கும் சமனாக வரவேண்டும். அநேகமாக எங்கும் வருவதில்லை. 2002இல் 22 இடங்களின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. வெப்பத்தில் விடுபட்டதா, நீராவியில் விடுபட்டதா என்று இன்றைக்கும் அடிபடுகிறார்கள்.

நீராவியில் விடுபட்டது என்று வைப்போம். உண்மையில் 4 மில்லிமீற்றர் போன நாளில் நான் 3.2 என்று எழுதுவேன். ஒரு பரப்புக்கு, அதாவது ஏக்கரில் பதினாறில் ஒன்றுக்கு, ஒரு மில்லிமீற்றர் என்றால் 250 லீற்றருக்குச் சற்று மேல். அப்படியென்றால் ஒவ்வொரு பரப்பிலும் நாளுக்கு 200 லீற்றர் நான் காணாமலே போகிறது. கழித்தல் கணக்கில் அது கிணற்றின் வரவாக ஏறிவிடும். இல்லாத தண்ணீர். அதை நம்பி ஒருவர் மாசியில் வெங்காயத்துக்கு மோட்டர் போடுவார்.

சேரிடம் கதைத்தால், “பிழை வீச்சைப் போட்டு எழுது” என்பார். போடலாம். வீச்சை ஆர் வாசிக்கிறார்கள்?

ஒக்டோபர் 17

காலையிலிருந்து ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருப்பு. “அடுத்த கிழமை வாங்கோ.”

ஒக்டோபர் 20

மழை!!

பின்னேரம் மூன்று மணிக்கு இருண்டு, நாலுக்குக் கொட்டத் தொடங்கியது. காய்ந்த மண்ணில் முதல் நீர் பட்டதும் நுண்ணுயிர்கள் விழித்து ஒரேயடியாகச் சுவாசிக்கும். பேர்ச் என்பவர் 1958இல் விவரித்து எழுதியது. இந்த மூச்சைப் பிடிக்கத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கருவியின் கண்ணாடியில் துளி நின்று, தரவைப் பதிகிற லொகரில் வரிவரியாக வெற்றிடம். வருமென்று தெரிந்த குருடுதான், அதனால்தான் மண்ணை மூடி அதன் மூச்சை அளக்கிற, கையால் வைக்கிற கிண்ணத்தையும் கொண்டுபோயிருந்தேன்.

மழை விட்டதும் வெறுங்காலோடு இறங்கினேன். முன்பே மண்ணில் பதித்து வைத்த பிளாஸ்டிக் வளையத்துக்குள் சின்னக் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன. மூடியை வைத்தேன். திரையில் எண் ஏறத் தொடங்கியது. வழமையாக மூடி வைத்து நெடுநேரம் பார்த்திருந்தாலும் கொஞ்சம்தான் நகரும். இன்று வாசிக்க முதல் அடுத்தது வந்தது. தூறல் திரும்பவும் தொடங்க, ஐயா தன் குடையை என் தலைக்கு மேல் அல்ல, பெட்டிக்கு மேல் பிடித்தார்.

“உது என்ன பிள்ளை ஓடுது?”

“மண் மூச்சு விடுது ஐயா.”

“ஓ, அது மணக்குதுதானே” என்றார்.

தங்கச்சி இரண்டு தரம் எடுத்திருக்கிறாள். போன் பைக்குள் கிடந்தது.

ஒக்டோபர் 21

ஈரம். தடிமன். ரிப்போர்ட்டில் தெளிவில்லையாம், திரும்ப எடுக்க வேண்டுமாம்.

சேர் வெற்றிடங்களை நிரப்பச் சொல்கிறார். உலகமே நிரப்புகிறது, தெரியும். அதே மாதிரி வெயிலும் வெப்பமும் ஈரப்பதனும் இருந்த கிட்டிய நாட்களின் சராசரியை எடுத்து ஓட்டையில் வைப்பது. முதல் மழைக்கு அதே மாதிரி நாள் எங்கே இருக்கிறது? முதல் மழை வருடத்துக்கு ஒன்று. அந்த மணித்தியாலங்களை வெறுமையாகவே விட்டுப் பக்கத்தில் கிண்ணத்தின் எண்ணைத் தனியே வைக்கப்போகிறேன். அவர் ஏசட்டும்.

ஒக்டோபர் 24

மொட்டைக்கறுப்பன் நெல் முளைத்துவிட்டது. ஊசி ஊசியாக. நண்பகலில் திருத்தின பிறகும் எண் கொஞ்சம் கீழே சாய்கிற மாதிரி. மாதிரித்தான்.

அப்பா கஞ்சியும் வேண்டாம் என்கிறார்.

ஒக்டோபர் 26

கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். இன்றிரவே பஸ்.

பற்றரி மாற்றுவதை ஐயாவுக்குக் காட்டினேன். “ட்ரக்டர் வச்சிருந்தவன் பிள்ளை நான்” என்று சிரித்தார். கண்ணாடி துடைக்கிற துணியையும் காய்ச்சி வடித்த நீர்ப் போத்தலையும் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன். மெமரி கார்ட் வெள்ளியோடு நிரம்பிவிடும். தங்கச்சியைத்தான் கேட்க வேண்டும், ஆனால் அவளும் எங்களோடு