ஜோர்டன் அட்டை: விற்பதா, வைப்பதா

ஹட்டன், ஜூன் 7, 2025, சனி

விடாத மழை. அலுமாரியிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் படம் போட்ட சேகரிப்பு அட்டை; ஃப்ளீர் கம்பனி 1986இல் வெளியிட்டது, 57ஆம் எண். கனடாவிலிருந்து வந்தபோது மாமா தந்தது. மூலைகள் இன்னும் கூராகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்த ஈரத்தில் எத்தனை வருசம் தாங்கும்? எங்கள் வீட்டில் கல்யாண அல்பத்துக்கே பூஞ்சணம் பிடித்துவிட்டது.

ஜூன் 10, பொசன் போயா

மச்சான் வந்திருந்தான். இதே அட்டையொன்று 738,000 டொலருக்கு விற்ற செய்தியைப் போனில் காட்டி, “டேய், நாம கோடீஸ்வரங்கடா!” என்றான். அது 2021 தொடக்கத்தில், அட்டைகளுக்குத் தரம் போடும் பிஎஸ்ஏ கம்பனியிடம் உச்சத் தரமான 10 பெற்ற அட்டைக்கு. கொரோனா நேரத்துச் சூடு. அப்புறம் அதே தரத்து அட்டையே 2 லட்சம் டொலருக்குக் கீழே இறங்கியது. என்னுடையதில் படம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது, 10 கிடைக்காது. கீழ்த்தரங்களில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

ஜூன் 14, சனி

இந்த அட்டைக்குப் போலிகள் ஏராளம். டவுனில் மணிக்கூடு திருத்துபவரிடம் உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். சிவப்புச் சட்டை புள்ளி புள்ளியாகப் பிரிந்தது. எழுத்துகள் மட்டும் புள்ளியில்லாமல் திடமாக நின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, “இது யாரு தம்பி?” என்றார். கிரிக்கெட் முரளியாக இருந்தால் கடையே கூடியிருக்கும்.

ஜூன் 17

வைத்திருக்கவும் காரணம் உண்டு. 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. அப்பாவின் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு வங்கியில் கிடந்தபடியே கரைந்தது. அட்டை டொலரில் நிற்கும். ஆனால் அதற்கு வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை. அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்றால் இங்கே எவன் எடுப்பான்?

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். கொழுந்துக் கூடையோடு ஆயுசைக் கழித்தவர். “படத்த வச்சு என்னய்யா செய்ய? நம்ம பேர்ல ஒரு துண்டு காணி வாங்கு” என்றார். தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்த எங்களுக்கு 7 பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரம் கிடைப்பதே பெரிய விசயம். காணி விலையும் நமக்காகக் காத்திருக்காது.

ஓகஸ்டில் அக்கா கனடாவிலிருந்து வருகிறாள். அவளிடம் கொடுத்தனுப்பித் தரம் போடச் சொல்லியாயிற்று. 8 வந்தாலும் சரி, 7 வந்தாலும் சரி, அன்றைய விலைக்கே விற்றுவிட வேண்டும். அம்மா அதற்குள் கொட்டகலைப் பக்கம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.