ராக் பாஸ்பேட்: சாம்பிள் முதல் ரிப்போர்ட் வரை

கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு உர ஆலை லேபில் சேரப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். தூத்துக்குடியில் நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை, ஜோர்டானின் அகபாவில் ஏற்றி வந்த ராக் பாஸ்பேட்டுக்கு, அதாவது பாஸ்பேட் உரத்துக்கு மூலப்பொருளான பாறைக்கு, ரிப்போர்ட் கொடுப்பது. உதய்ப்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் நம் நாட்டிலும் வெட்டுகிறார்கள்தான். ஆனால் அது நம் தேவைக்குப் போதாது. பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது.

லேபில் நடப்பது பாதி வேலை, மீதி துறைமுகத்திலேயே முடிந்துவிடும். சரக்கு இறங்க இறங்க இடைவெளி விட்டு அள்ளிச் சேர்க்க வேண்டும். பிறகு குவித்து, தட்டையாக்கி, நாலாக வகுந்து, எதிரெதிர் இரண்டு கூறுகளை மட்டும் எடுத்து மறுபடி குவிக்க வேண்டும். "தூளை விட்டுராதீங்க தம்பி. கட்டிய மட்டும் அள்ளுனா ரிப்போர்ட் பொய் பேசும்" என்றார் சாம்பிள் எடுக்கும் அண்ணாச்சி. அரைத்துச் சலிக்கும்முன் சின்னதாகக் கறுத்த மீன்பல் ஒன்று கையில் அகப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த பாறை அல்லவா!

ஒரு கிராம் தூளில் ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்களை ஊற்றியதும் புஸ்ஸென்று பொங்கியது. கார்பனேட் அதிகம் என்று அர்த்தம். அதைக் குறித்துவைத்தேன். கரையாத சிலிக்காவை வடிகட்டிவிட்டு, கரைசலை 250 மில்லியாக்கி, அதிலிருந்து 10 மில்லி எடுத்து, கொதிக்கவைத்து, குயினோலின் மாலிப்டேட் கலவையைச் சேர்த்தால் கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் வீழ்படிவு இறங்கும். ஆறும்வரை அவ்வப்போது சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு சின்டர்டு குரூசிபிளில் (அடியில் நுண்துளை வடிகட்டி உள்ள கிண்ணம்) வடித்து, கழுவி, 250 டிகிரியில் உலர்த்தி, ஈரம் ஏறாத டெசிகேட்டரில் ஆறவைத்து எடை பார்க்க வேண்டும்.

அந்த எடையை 0.03207 ஆல் பெருக்கினால் பி2ஓ5, அதாவது பாஸ்பரஸ் அளவைச் சொல்லும் பாஸ்பரஸ் பென்டாக்சைடு. எடுத்த 10 மில்லியில் இருப்பது 0.04 கிராம் பாறை. வீழ்படிவு 0.4 கிராம் இருந்தால் பாறையில் 32 சதவீதம். நாலு மில்லிகிராம் பிசகினால் 0.3 சதவீதம் ஆடிவிடும். கப்பல் முழுக்கச் சரக்கு இருக்கும்போது அது சின்னத் தொகையில்லை. வியாபாரிகள் இதையே பி.பி.எல். (போன் பாஸ்பேட் ஆஃப் லைம், அதாவது கால்சியம் பாஸ்பேட் சதவீதம்) கணக்கில் பேசுவார்கள், 72 பி.பி.எல். என்றால் ஏறக்குறைய 33 சதவீதம்.

விற்றவர் தந்த சான்றிதழுக்கும் எங்கள் எண்ணுக்கும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. இதற்கு ஒப்பந்தத்திலேயே வழி உண்டு. சீல் வைத்த சாம்பிள் நடுவர் லேபுக்குப் போனது.

என்னைக் கேட்டால், எல்லாரும் பி2ஓ5 எண்ணையே கட்டிக்கொண்டு அழுவது வீண். ஆலையில் பாறையோடு கந்தக அமிலம் சேர்த்துத்தான் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கிறோம், ஜிப்சம் கழிவாக மிஞ்சும். கால்சியம் கூடினால் பாறை கந்தக அமிலத்தைக் கூடுதலாகக் குடிக்கும், ஜிப்சமும் கூடும். ஏற்கெனவே ஒரு டன் பி2ஓ5-க்கு ஐந்து டன் ஜிப்சம் விழுகிறது. சிமென்ட் ஆலைகள் எவ்வளவுதான் வாங்கும்? மெக்னீசியம் ஏறினால் பாஸ்பாரிக் அமிலம் கெட்டியாகும். குளோரைடு, ரியாக்டரில் கலக்கும் கருவியின் உலோகத்தை அரிக்கும்.

நடுவர் முடிவு வருவதற்குள்ளேயே ஆசிட் பிளாண்ட் ஷிப்ட் பொறுப்பாளர் போன் செய்துவிட்டார். பி2ஓ5 எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. "நுரை எப்படி இருக்கும்?" என்றார். பீக்கரில் பார்த்ததைச் சொன்னேன். ரியாக்டர் பக்கம் நுரையடக்கி டிரம்களைக் கூடுதலாக இறக்கச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.