புத்தரும் காமியும் பிரிக்கப்பட்ட ஆண்டு

ஜப்பானியப் பண்பாட்டு முகமை ஆண்டுதோறும் வெளியிடும் மதப் புள்ளிவிவரத்தில் உள்ளூர்த் தெய்வங்களை வணங்கும் ஷிந்தோவினரையும் பௌத்தரையும் கூட்டினால், அத்தொகை நாட்டின் மக்கள்தொகையையே தாண்டிவிடுகிறது. ஒரே குடும்பம் ஊர்த் தெய்வத்தின் ஆலயத்திலும், முன்னோர் கல்லறை உள்ள பௌத்த மடாலயத்திலும் கணக்கில் வருவதே இதற்குக் காரணம். ஜப்பானியர் இரண்டு மதங்களை எப்படி ஒருசேரப் பின்பற்றுகிறார்கள் என்று பலரும் வியப்பதுண்டு. என் மனத்தை உறுத்துவது அதற்கு முந்தைய கேள்வி: அவை எப்போது இரண்டாயின? அதற்கு 1868 என்று ஆண்டையே சுட்டிச் சொல்ல முடியும்.

பௌத்தம் 6ஆம் நூற்றாண்டில் கொரியாவின் பெக்சே அரசிலிருந்து ஜப்பானுக்கு வந்தது. தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தாலும், காமி எனப்படும் உள்ளூர்த் தெய்வங்கள் விரைவிலேயே பௌத்த உலகுக்குள் வந்துவிட்டன. 763இல் தாதோ என்ற இடத்தின் தெய்வம் அருள்வாக்கில் சொன்னதாக ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது: நெடுங்காலம் செய்த தீவினையால் தான் காமியாகப் பிறந்திருப்பதாகவும், அந்த உடலிலிருந்து விடுபட்டு புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைய விரும்புவதாகவும் அத்தெய்வம் வேண்டியதாம். தெய்வமே வினைக்கு உட்பட்டு விடுதலை தேடுகிறது. இந்த நாட்டின் சிந்தனை வரலாற்றில் என்னை இவ்வளவு ஆழமாகத் தொட்ட பதிவு வேறில்லை.

அதற்குச் சற்று முன்னர், 749இல், ஹச்சிமான் என்ற தெய்வம் அன்றைய தலைநகர் நாராவின் தோதாய்ஜி மடாலயத்தில் பெரும்புத்தர் சிலை எழுப்பும் பணிக்குத் துணை நிற்க, தன் ஊரான உசாவிலிருந்து அங்கே எழுந்தருளியது. (752இல் அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் தென்னிந்தியாவிலிருந்து சென்றவராகக் கருதப்படும் போதிசேனர்.) பிற்காலத்தில் ஹச்சிமான் பெரும் போதிசத்துவர் (புத்தநிலையை நோக்கிச் செல்பவர்) என்ற பட்டமும் பெற்றார். 1201இல் கைக்கெய் என்ற சிற்பி செதுக்கிய ஹச்சிமான் சிலையைப் பாருங்கள்: மழித்த தலை, துறவியின் ஆடை, கையில் வளையங்கள் கோத்த தடி, அமர்ந்திருப்பதோ தாமரைப் பீடத்தில். நெடுங்காலம் மறைத்து வைத்துப் போற்றப்பட்டதால் வண்ணப் பூச்சு இன்றும் பெரிதும் மங்கவில்லை. இதைக் காமி என்பதா, பௌத்தத் துறவி என்பதா? அதைச் செதுக்கியவருக்கு அந்தக் கேள்வி எழுந்திருக்காது. புத்தர்களும் போதிசத்துவர்களுமே மூலவடிவம், காமிகள் இம்மண்ணின் மக்களுக்காக அவர்கள் எடுத்த தோற்றம் என்ற கோட்பாடு அப்போது வேரூன்றியிருந்தது.

இது சமத்துவமான இணைப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். மூலவடிவம் புத்தர் என்பதால், பெரிய ஆலய வளாகங்கள் பலவற்றில் அதிகாரம் துறவிகளின் கையிலேயே இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் யோஷிதா கனெதொமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கி, காமிகளே மூலம் என்று வாதிட்டார். 17ஆம் நூற்றாண்டில் நாட்டை ஆளத் தொடங்கிய தொக்குகாவா படைத்தலைவர்களின் ஆட்சியோ, கிறித்தவத்தைத் தடை செய்த பிறகு, ஒவ்வொரு குடும்பமும் ஒரு மடாலயத்தில் பதிவு பெற வேண்டும் என்று விதித்து, துறவிகளைக் கிட்டத்தட்ட அரசு எழுத்தர்களாகவே ஆக்கிவிட்டது. மோதோரி நொரினாகா, ஹிராத்தா அத்சுதானே முதலிய அறிஞர்கள் அயல் கலப்பற்ற பழமையைத் தேடியபோது, மடாலயங்களின் மேல் ஊர்களில் சேர்ந்திருந்த கசப்பும் அந்தத் தேடலோடு சேர்ந்துகொண்டது.

1868இன் வசந்த காலத்தில், தொக்குகாவா ஆட்சியை அகற்றிப் பேரரசரின் பெயரால் அமைந்த மெய்ஜி அரசு பிறப்பித்த ஆணைகள், காமிகளுக்கு வழங்கிய பௌத்தப் பெயர்களை நீக்கவும், ஆலயங்களிலிருந்த புத்தர் சிலைகளையும் மணிகளையும் அகற்றவும் கட்டளையிட்டன. ஹியேய் மலையடிவாரத்து ஹியோஷி ஆலயத்தில், மலைமேலிருந்த பௌத்த மடாலயத்துக்குக் கீழ்ப்பட்டிருந்த பூசகர்கள் ஆயுதங்களுடன் கருவறைக்குள் புகுந்து, சிலைகளையும் ஏடுகளையும் வெளியே இழுத்து எரித்தனர். வன்முறை கூடாதென்று அரசே எச்சரிக்க நேர்ந்தது. நாராவின் கோஃபுகுஜி மடாலயத் துறவிகள் கசுகா ஆலயத்தின் பூசகர்களாக மாறினர். அவர்கள் விட்டுச் சென்ற ஐந்தடுக்குக் கோபுரம் விற்பனைக்கு வந்தது. கியோத்தோவில், புத்தர் தங்கிய ஜேதவனத்தின் பெயரைத் தாங்கிய கியோன் ஆலயம் யாசாக்கா என்று பெயர் மாற்றப்பட்டது.

மிவா மலையில் நடந்தது என்னைக் கூடுதலாக வருத்துகிறது. அங்கே மலையே தெய்வம் என்பதால் ஆலயத்தில் கருவறை கிடையாது. அந்த ஆலயத்தோடு இணைந்த மடாலயத்தில் 8ஆம் நூற்றாண்டின் பதினொரு முகக் கன்னோன் (கருணையின் போதிசத்துவர்) சிலை, இரண்டு மீட்டருக்கு மேல் உயரமானது, மூலவராக நின்றிருந்தது. 1868இல் அதை அருகிலுள்ள ஷோரின்ஜி மடாலயத்துக்குக் கொண்டுசென்றார்கள். இன்று அது தேசியப் பொக்கிஷம். அதைக் காண வருபவர்கள் சிற்ப அழகை வியக்கிறார்கள். மலைக்கும் அந்தச் சிலைக்கும் இருந்த உறவு மட்டும் அங்கே காணக் கிடைப்பதில்லை.

இடைக்காலத்தில் ஷிந்தோ தனி மதமாக இருக்கவே இல்லை என்று வரலாற்றாசிரியர் குரோதா தொஷியோ வாதிட்டார். அவர் இதை மிகைப்படுத்திச் சொன்னார் என்று சொல்பவர்களும் உண்டு; இசே ஆலயத்தில் பௌத்தச் சொற்களை நேரடியாக உச்சரிக்காமல் தவிர்த்த வழக்கம் அவர்களுக்கு ஆதரவாக நிற்கிறது. நான் குரோதாவின் பக்கமே சாய்கிறேன். ஒரு சொல்லைத் தவிர்க்கிறவர்கள் அந்தச் சொல்லின் உலகத்துக்கு வெளியே வாழ்ந்தார்கள் என்று ஆகிவிடாது. இசேயின் சூரியத் தெய்வமான அமதெராசுவையே வைரோசன புத்தரின் தோற்றமாக அக்காலத்தவர் வணங்கியிருக்கிறார்கள்.