அட்டை இல்லாமல் அவசரப் பிரிவில்: எங்கள் அனுபவம்

சென்னை வியாசர்பாடியில் லாரி உரசி என் தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தது. 108 ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்து, பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை.

பணம் கட்டும் இடத்தில்தான் தொடங்கியது வேதனை. "காப்பீடு இருக்கிறதா? இல்லையென்றால் 40 ஆயிரம் முன்பணம் கட்டுங்கள், பிறகுதான் ஸ்கேன்" என்றார் அங்கிருந்தவர். அவர் தலைக்கு மேலேயே 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' பலகை தொங்கியது; பாதியை ஒரு நாள்காட்டி மறைத்திருந்தது. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய திட்டம் அது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டையும் வேண்டாம், வருமான வரம்பும் இல்லை, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.

பலகையைக் காட்டினேன். "அதெல்லாம் மேலே கேட்க வேண்டும்" என்று கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி ஸ்ட்ரெச்சரில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் எதிரிலேயே அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைத்து மருத்துவமனையின் பெயரை உரக்கச் சொன்னேன். பேசி முடிப்பதற்குள் பணி மருத்துவர் வந்து தம்பியை உள்ளே கொண்டுபோனார். முன்பணப் பேச்சு அத்தோடு நின்றது.

ஆனால் 48 மணி நேரம் கழிந்தபின், தனியாரிடமே தொடர வேண்டுமானால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வேண்டும், இல்லையென்றால் கைக்காசு. அப்பாவிடம் அந்த அட்டை உண்டு. கல்யாணமானதும் ரேஷன் அட்டையிலிருந்து தம்பி பெயரை நீக்கியாயிற்று. புது அட்டை இன்னும் வரவில்லை. வருமானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு காப்பீட்டு மையத்துக்கு ஓடினேன். குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவரைச் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்னதாகத் தொலைபேசியில் கேட்டபோது இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம். அட்டை இல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள். தகடு வைத்து ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

மாற்றும்போது டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன் படங்கள், விபத்துப் பதிவேட்டின் நகல் மூன்றையும் கையில் வாங்காமல் ஆம்புலன்ஸில் ஏறாதீர்கள். "படங்களை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். நான் அசையவில்லை, கொடுத்தார்கள். வீட்டில் புதிதாகக் கல்யாணமானவர்கள் இருந்தால், இன்றைக்கே அவர்கள் பெயர் எந்த ரேஷன் அட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். புது அட்டை கைக்கு வந்ததும் காப்பீட்டுக்கு எழுதிக்கொடுங்கள்.