யாரிடம் அடிமை என்பதை நிரூபித்தால்தான் விடுதலை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் அடிமைகளாக இருந்தவர்கள் தொடுத்த விடுதலை வழக்குகளின் கட்டுகள் முந்நூறுக்கு மேல் எஞ்சியிருக்கின்றன. புதிதாக அவற்றைப் புரட்டுபவர்கள் குழம்பிப்போவார்கள். வழக்கின் வடிவம் அடிதடிப் புகார். எஜமானி ஐரீன் எமர்சன் தன்னை அடித்து 12 மணி நேரம் அடைத்து வைத்தார் என்பதுதான் அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட்டின் 1846 புகார். சுதந்திரமானவரை அப்படிச் செய்தால்தான் குற்றம். "இவர் என் அடிமை" என்று எதிர்த்தரப்பு பதில் தந்ததும் வழக்கு அசல் கேள்விக்கு வந்துவிடும்.

மிசௌரியின் 1824 சட்டப்படி முதலில் ஒரு மனு. எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போடுவார். முகாந்திரம் இருப்பதாக நீதிபதி கருதினால் இலவசமாக வக்கீலை நியமிப்பார். வக்கீலைப் பார்க்க விட வேண்டும், வழக்குப் போட்டதற்காகத் துன்புறுத்தக் கூடாது, நீதிமன்ற எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்றும் உத்தரவிடுவார். கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி. தெற்கே விற்றுவிட்டால் வழக்கே இல்லை.

சட்டம் ஓரளவு சாதகமாகவே இருந்தது. அடிமை முறை தடைசெய்யப்பட்ட இல்லினாயில் குடிவைக்கப்பட்ட அடிமைப் பெண் வின்னி சுதந்திரமானவர் என்று மிசௌரி உச்ச நீதிமன்றம் 1824இல் தீர்ப்பளித்தது. ஆனால் நிரூபிக்கும் சுமை முழுக்க வாதியின் தலையில். எங்கே வாழ்ந்தார், யார் வைத்திருந்தார், இரண்டுக்கும் சாட்சி வேண்டும்.

ஸ்காட் 1847இல் தோற்றது இரண்டாவதில்தான். ஸ்காட் தம்பதியை எமர்சனிடமிருந்து வாடகைக்கு எடுத்ததாகச் சொல்ல வந்தவர் சாமுவேல் ரசல். குறுக்கு விசாரணையில், பேசி முடித்தது தன் மனைவி, தான் எமர்சனின் தந்தையிடம் பணம் மட்டும் கொடுத்தேன் என்றார். அப்படியானால் அவர் சொன்னது செவிவழிச் செய்தி. எமர்சனிடம்தான் ஸ்காட் அடிமையாக இருந்தார் என்பது நிரூபணமாகவில்லை என்று ஜூரி அவரை அந்த எமர்சனிடமே திருப்பி அனுப்பியது! இந்தக் கொடுமையை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறவில்லை. 1850 மறுவிசாரணையில் ரசலின் மனைவியே வாக்குமூலம் தந்தார், ஸ்காட் வென்றார். 1852இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புகளையே கைவிட்டு அந்த விடுதலையைப் பறித்தது.

கட்டுகளில் கூலிக் கணக்கையும் விடாமல் பாருங்கள். 1848 முதல் ஸ்காட் தம்பதியை ஷெரீஃப் வாடகைக்கு விட்டார். அவர்கள் உழைத்த கூலி, வழக்கில் ஜெயிப்பவருக்குக் கொடுப்பதற்காக ஷெரீஃபிடமே இருந்தது.