ரெசின் பவுடருக்கு வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது

அம்பத்தூர் பக்கம் ஒரு வெனீர் பட்டறையில் ஸ்டோரையும், பசை தடவிய பலகையை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. தேக்கு, வால்நட், ஓக் என்று அரை மில்லிமீட்டர் கனத்தில் வரும் மரத் தாளான வெனீரை பிளைவுட்டிலோ, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையிலோ ஒட்டி, கதவாகவும் சுவர்ப் பேனலாகவும் அனுப்புகிறோம். வெனீரின் ரேகையைப் பற்றி ஆர்க்கிடெக்டுகள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அதைப் பிடித்துவைத்திருக்கும் பசையைப் பற்றி, வெனீர் பலகையை விட்டுக் குமிழாக எழும்பிய பிறகுதான் கேட்பார்கள்.

பெரும்பாலும் நாங்கள் எடுப்பது, தண்ணீரில் கலந்தால் பசையாகும் யூரியா ஃபார்மால்டிஹைடு ரெசின் பவுடர். வெள்ளைப் பசை கைக்கு வசதிதான், ஆனால் அது காய்ந்த பிறகும் தொடர்ந்து இழுபட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கொடுக்கும். இரண்டு வெனீர் சேரும் இடத்தில் ஒரு கோடை கழிந்ததும் முடி அளவு இடைவெளி தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். வளைத்து ஒட்டிய பேனலும் மெல்ல நிமிரப் பார்க்கும். ரெசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான், நகராது. விரித்து, ரேகை பொருத்தி, பிரஸ்ஸில் ஏற்றவும் கூடுதல் நேரம் கொடுக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் தனிப் பொட்டலமாக வரும். இன்னொன்றில் பவுடரிலேயே கலந்திருக்கும், தண்ணீர் ஊற்றினால் போதும். சின்ன வேலைக்கு இரண்டாவது வகை சௌகரியம். ஆனால் ஸ்டோர்காரனுக்குத் தலைவலி அதுதான். ரெசினும் அதை இறுக வைக்கும் உப்பும் ஒரே டப்பாவில் இருக்கின்றன, நடுவில் தண்ணீர் மட்டும்தான் இல்லை. சென்னைக் காற்றில் தண்ணீருக்கா பஞ்சம்? வாய் திறந்த மூட்டை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து, நாம் கலக்கும் முன்பே தன் வேலையை ஆரம்பித்துவிடும்.

ஈரத்துக்கு மூடி போடலாம், வெப்பத்துக்கு மூடி கிடையாது. திறக்காத பவுடர் சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வருடம் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். அவர்கள் மனதில் இருக்கும் அறை 20 டிகிரி, அதிகம் போனால் 25. மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் அப்படி ஓர் அறை எங்கே இருக்கிறது? பத்து டிகிரி கூடினால் ரசாயன வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், லேபிளில் உள்ள தேதியில் பாதியை நம்புவதே அதிகம்.

அதனால் 25 கிலோ மூட்டை வந்த அன்றே பிரித்து, இறுக்கமான மூடி உள்ள சின்ன பிளாஸ்டிக் வாளிகளில் விளிம்பு வரை நிரப்பிவிடுவோம். உள்ளே காற்று குறைவாக இருக்கட்டும் என்றுதான். மூடியைச் சுற்றி டேப். மேலே மார்க்கரில் வந்த தேதி, திறந்த தேதி இரண்டும். வாளி தரையில் உட்காரக் கூடாது, கூரைக்குப் பக்கத்திலும் ஏறக் கூடாது. கணினி வைத்திருக்கும் ஏ.சி. அறையின் ஒரு மூலையைச் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். அக்கவுண்டன்ட் இன்னும் முறைக்கிறார். ஏ.சி.யிலிருந்து எடுத்த வாளியை உடனே திறக்கவும் கூடாது. குளிர்ந்த பவுடர்மேல் புழுக்கக் காற்று பட்டால் பனி கோத்துக்கொள்ளும். பட்டறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் தொடுவோம்.

எங்கள் பெரிய ஆசாரிக்கு இதெல்லாம் அதிகப்படி. "கட்டிய சலிச்சு எடுத்துட்டுக் கலக்க வேண்டியதுதானே தம்பி, காசு கொடுத்து வாங்கினதுதானே?" என்பார். "அண்ணே, கட்டி தட்டினது மட்டும் கெட்டுப்போகல, சலிச்சு விழுந்ததும் பாதி போயிருக்கும்" என்பேன். விரலில் நசுக்கினால் உதிரும் மெல்லிய கட்டியைக்கூட நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கல்லாக இருந்தால் பேச்சே இல்லை, குப்பைதான்.

வாயால் தீராத வழக்கைக் கண்ணாடித் துண்டு தீர்த்துவைக்கும். சந்தேகமான பவுடரில் கொஞ்சம் கலந்து கண்ணாடியில் இழுத்து விட வேண்டும். நல்லது வழவழவென்று பரவும், மறுநாள் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது, உடைத்தால் சடக்கென்று உடையும். கெட்டது மணல்மணலாக நிற்கும், அல்லது கலந்த கொஞ்ச நேரத்திலேயே கூழாகும், காய்ந்ததும் சுண்ணாம்பாக உதிரும். ஆசாரி இப்போது வாய் திறக்காமல் அந்தக் கண்ணாடியைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறார்.

கலப்பதிலும் கை ஓட்டம் வேண்டும். தராசில் நிறுத்துத்தான் எடுப்போம். குவளைக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். பவுடரின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர், கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. முதலில் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகப் பிசைந்து, கட்டி போன பிறகுதான் மீதித் தண்ணீர். இரும்புச் சட்டி ஆகாது. தேக்கிலும் ஓக்கிலும் உள்ள துவர்ப்புச் சத்து ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை விழும், அதை எந்தப் பாலிஷும் மறைக்காது. மெல்லிய வெனீரில் பசை ஊறி மேலே தலைகாட்டாமல் இருக்கக் கொஞ்சம் மைதா சேர்ப்பதுண்டு. பிளைவுட் ஆலைகளில் காலங்காலமாக நடக்கும் வழக்கம் இது. அளவு மீறினால் பிடிப்பும் போகும், ஈரம் தாங்கும் சக்தியும் போகும்.

கலந்த பசைக்குக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 21 டிகிரியில் சுமார் நான்கு மணி நேரம் நிற்கும் பவுடர், 32 டிகிரியில் ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிடலாம். மதிய வெயிலில் ஒரே வாளி நிறையக் கலப்பது வீண். அகலமான தட்டில் ஊற்றி, அடியில் குளிர்ந்த தண்ணீர் வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பெரிய பேனல்களை நாங்கள் காலையிலேயே ஏற்றிவிடுவோம். ஹாட் பிரஸ்ஸில் 100 டிகிரி பக்கம் வைத்தால் சில நிமிடங்களில் வேலை முடியும். சூடு இல்லாத சாதா பிரஸ் என்றால் பசை இறுக இரவு முழுக்க விட வேண்டும், அதுவரை அந்தப் பிரஸ் நம்முடையது அல்ல.

பசையின் மேல் பழி போடுவது எங்கள் பட்டறையில் தொடங்கிய வழக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பறந்த மொஸ்கிட்டோ விமானம் பல்சா மரமும் பிர்ச் பிளைவுட்டும் ஒட்டிச் செய்தது. முதலில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசை, பிறகு எங்கள் பவுடரின் முன்னோரான யூரியா ஃபார்மால்டிஹைடு. 1944-ல் இந்தியா உள்ளிட்ட கீழைப் பகுதிகளில் சில விமானங்கள் உடைந்து விழுந்தபோது, வெயிலும் பருவமழையும் பசையைக் கெடுத்துவிட்டன என்றுதான் முதலில் பேச்சு. பிந்தைய விசாரணைகள் தயாரிப்பில் இருந்த குறைகளைக் காட்டின. எங்களிடம் குமிழ் எழும்பினால் நானும் முதலில் பார்ப்பது பலகையின் ஈரம், பிரஸ்ஸின் அழுத்தம், வாளியின் தேதி. பசைக் கம்பெனிக்குப் போன் போடுவது அப்புறம்.

இதில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது என்பதையும் பையன்கள் மறந்துவிடுகிறார்கள். உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. கலக்கும்போது மாஸ்க், கையுறை கட்டாயம். ஹாட் பிரஸ் திறக்கும்போது கண் எரிந்தால் எக்ஸாஸ்ட் ஓடவில்லை என்று அர்த்தம். ஓரத்தில் வழிந்து இறுகிய பசை கண்ணாடிச் சில்லாகக் கையைக் கிழிக்கும், வெறும் கையால் தடவிப் பார்க்கவே கூடாது.

முதலாளியோடு மட்டும் இன்னும் இழுபறி. மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்று டீலர் ஏப்ரலில் ஒருமுறை வருவார், மழைக்கு முன் ஒருமுறை வருவார். இரண்டுமே பவுடர் வாங்கிக் குவிக்கக் கூடாத காலம். ஒரு நல்ல வால்நட் பேனல் குமிழ் விட்டுத் திரும்பி வந்தால் அந்தத் தள்ளுபடி எந்த மூலைக்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்போதைக்கு ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் எடுக்கிறோம், மூட்டை இறங்கும்போது தயாரித்த தேதியைப் பார்த்துத்தான் பில்லில் கையெழுத்துப் போடுகிறேன்.